அணா முதல் 'ஆர்' வரை: ஒரே நாளில் வகை மாறிய கணக்குகள்

ரூ. 3-12-6.

இது தேதி இல்லை. மூன்று ரூபாய், பன்னிரண்டு அணா, ஆறு பை. 1957-க்கு முந்தைய கணக்கு நோட்டு எதைப் புரட்டினாலும் இப்படித்தான் இருக்கும். தொகை எழுதும் இடத்தில் ரூபாய், அணா, பை என்று மூன்று பத்திகள் மேலிருந்து கீழாக ஓடும்.

இதே 3-12-6-ஐ இன்று எக்செல்லில் அடித்தால் அது தேதி என்று நினைத்துக்கொள்ளும். 'ஆர்' என்ற புள்ளியியல் நிரல்மொழியில் கொடுத்தால் வெறும் எழுத்துச்சரம் என்று வைத்துக்கொள்ளும். இரண்டுமே அதைப் பணம் என்று எடுத்துக்கொள்ளாது. பணம் என்று கணினிக்கு யாராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்குத்தான் 'வகை மாற்றம்' என்று பெயர்.

ஒரு கோப்பில் ஒரு பத்தியை மட்டும் மாற்றினால் போதும் என்றால் பிரச்சினை சின்னது. இருபது பத்திகளை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டியிருந்தால்? புள்ளியியல் படிக்கிற மாணவர் எல்லோரும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் சுவர் இது. ஆனால் இந்தச் சுவர் கணினியோடு வந்ததல்ல. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரம் கணினி வருவதற்கு வெகு காலம் முன்பே, சுமார் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள், தன் கணக்குப் புத்தகத்தின் ஏறக்குறைய எல்லாப் பத்திகளையும் மாற்றிப் பார்த்துவிட்டது!

வகை என்றால் என்ன?

ஒரு மதிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன செய்யலாம், என்னென்ன செய்யக்கூடாது என்பதைச் சொல்வதுதான் வகை. தென்காசியின் அஞ்சல் குறியீடு 627811. குற்றாலத்தின் குறியீடு 627802. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒரு விடை வரும். ஆனால் அந்த விடைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. எண்ணால் எழுதப்பட்டிருந்தாலும் அது எண் அல்ல, பெயர். மாறாக, '1,250' என்று காற்புள்ளி போட்டு எழுதிய தொகை கணினிக்கு எழுத்தாகத் தெரியலாம். ஆனால் அது எண்தான், கூட்ட வேண்டியதுதான்.

ஆர் மொழியில் முக்கியமாக எண், எழுத்து, உண்மை-பொய், தேதி, அப்புறம் 'ஃபேக்டர்' என்ற வகைகள் இருக்கின்றன. ஃபேக்டர் என்பது குறிப்பிட்ட சில பெயர்களில் ஒன்றாக மட்டுமே இருக்கக்கூடிய மதிப்பு. ஆண்-பெண், மாவட்டத்தின் பெயர், வாரத்தின் கிழமை போன்றவை. இந்த ஃபேக்டரைப் பற்றிப் பின்னால் பார்க்கலாம். அதில்தான் வில்லங்கமே இருக்கிறது.

ஒரே பெயர், இரண்டு ரூபாய்

சுதந்திரத்துக்கு முன் தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. சில மைல் மேற்கே போனால் செங்கோட்டை. அது திருவிதாங்கூர் சமஸ்தானம். தென்காசியில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. செங்கோட்டையில் ரூபாய்க்கு 7 பணம், பணத்துக்கு 4 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. ஆக ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு ரூபாயும் ஒன்றல்ல. பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28 சக்கரம் 8 காசு, அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் நூறு என்றால் 2850 சக்கரம். அதையே திருவிதாங்கூர் ரூபாயில் சொன்னால் 101 ரூபாய் 22 சக்கரம். பத்தியின் தலைப்பு இரண்டு பக்கமும் 'ரூபாய்'தான், உள்ளே இருக்கும் அளவு வேறு. இரண்டு ஊர்க் கணக்கையும் தலைப்பை மட்டும் பார்த்து ஒன்றாகச் சேர்த்தால், நூற்றுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் காணாமல் போகும். கூட்டல் சரியாகத்தான் இருக்கும், விடை மட்டும் தப்பாக இருக்கும்.

தேதிப் பத்தியிலும் இதே சிக்கல் உண்டு. திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கொல்லம் ஆண்டு புழக்கத்தில் இருந்தது. அதை ஆங்கில வருஷமாக்க 825 கூட்டினால் போதும் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் கொல்லம் ஆண்டு பிறப்பது ஆவணியில். ஆவணியிலிருந்து மார்கழி நடுவரை 824 கூட்ட வேண்டும், அதற்குப் பிறகு 825. வருஷப் பத்தியை மட்டும் வைத்துக்கொண்டு வருஷத்தை மாற்ற முடியாது, பக்கத்தில் இருக்கும் மாதப் பத்தியையும் பார்க்க வேண்டும். ஒரு மாறியின் வகையை மாற்ற இன்னொரு மாறி தேவைப்படுகிறது.

1949 ஜூலை 1-ஆம் தேதி திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாயின. அதற்குப் பிறகு அங்கே புதிய சக்கரம் அடிக்கப்படவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில மறுசீரமைப்பில் செங்கோட்டை தாலுகாவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. சேர்ந்து ஐந்தே மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த மாற்றம் வந்துவிட்டது.

1957 ஏப்ரல் 1

1955-இல் இந்திய நாணயத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு நூறு 'நயா பைசா' என்று ஆயிற்று. (1964 ஜூன் 1 முதல் 'நயா' போய் வெறும் பைசா ஆனது.) மூன்று பத்தியாக இருந்த தொகை, ஒரே தசம எண்ணாக மாறியது. 3-12-6 என்பது 726 பை. அதை 192-ஆல் வகுத்தால் 3.78125. அதாவது ரூ. 3.78.

லாபம் பெரிது. பழைய கணக்கைக் கூட்டும்போது பை பத்தியில் 12 வந்தால் அணாவுக்கு ஒன்று ஏற்ற வேண்டும். அணா பத்தியில் 16 வந்தால் ரூபாய்க்கு ஒன்று ஏற்ற வேண்டும். புதிய கணக்கில் எங்கேயும் பத்துதான். வட்டி, சதவீதம் எல்லாம் எளிதாகிவிட்டது. வகை மாற்றத்தின் நோக்கமே இதுதானே!

ஆனால் 100-ஐ 16-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் போகாது. ஓர் அணா 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. எனவே அரசு ஒரு விதி வைத்தது: பின்னம் அரையாகவோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் விட்டுவிடு, அரைக்கு மேல் இருந்தால் ஒன்றாக்கு. இதன்படி ஓர் அணா 6, இரண்டு அணா 12, மூன்று அணா 19, நாலணா 25, ஆறணா 37, எட்டணா 50, பன்னிரண்டணா 75.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஓரணாப் பொருளை ஒருவர் தினம் ஒன்றாகப் பதினாறு நாள் விற்கிறார். பழைய கணக்கில் அவருக்கு முழுசாக ஒரு ரூபாய். புதிய கணக்கில் ஒவ்வொரு நாளும் 6 பைசா என்றால் 96 பைசாதான். நாலு பைசா நஷ்டம். மூன்றணாப் பொருள் விற்பவருக்கோ நேர்மாறு: பதினாறு பொருளுக்கு மூன்று ரூபாய் வர வேண்டிய இடத்தில் 304 பைசா வரும். நாலு பைசா லாபம், அது வாங்குபவர் கையிலிருந்து போனது. மொத்தத் தொகையைக் கூட்டிவிட்டு மாற்றினால் இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை. ஒவ்வொரு வரியாக மாற்றிவிட்டுக் கூட்டினால் யாராவது ஒருவர் இழக்கிறார். முதலில் கூட்டுவதா, முதலில் மாற்றுவதா என்ற வரிசையில்தான் பணம் ஒளிந்திருக்கிறது.

இதே கணக்கை ஆர் மொழியிடம் கொடுத்தால் என்ன ஆகும்? முழு எண்ணாக வகை மாற்றச் சொன்னால் அது பின்னத்தை வெட்டி எறிந்துவிடும். மூன்றணாவின் 18.75 அங்கே 18 ஆகிவிடும், சட்டப்படி 19. சரி, முழுமையாக்கச் சொல்லலாம் என்றால், ஆர் சரியாக அரையில் நிற்கும் எண்ணை அருகில் உள்ள இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். அதனால் இரண்டணாவின் 12.5 என்பது 12 ஆகும், சட்டத்தோடு ஒத்துப்போகும். ஆறணாவின் 37.5 என்பது 38 ஆகும், சட்டம் சொல்வது 37! பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி அரையை எப்போதும் மேலே ஏற்றினால் 13-உம் 38-உம் வரும், இரண்டுமே சட்டத்துக்கு மாறு. எல்லாமே நியாயமான விதிகள்தான், ஆனால் 1957-இன் கணக்குக்கு ஒன்றுதான் பொருந்தும். அதைக் கணினியாகக் கண்டுபிடிக்காது, மனிதர்தான் எழுதித் தர வேண்டும்.

படி கிலோ ஆனபோது

நாணயத்துக்குப் பின்னாலேயே எடையும் அளவும் மாறின. 1956-இல் எடை அளவுத் தரச் சட்டம் வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கி, 1960-களின் தொடக்கத்துக்குள் மெட்ரிக் முறை படிப்படியாக நாடு முழுவதும் பரவியது.

வீசையைக் கிலோவாக்குவது எளிது. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஒரு வீசை சுமார் 1.4 கிலோ. பெருக்கினால் முடிந்தது. ஆனால் படி? படி என்பது எடை அல்ல, கொள்ளளவு. ஒரு படி அரிசியும் ஒரு படி நெல்லும் ஒரே எடை கிடையாது. எனவே 'படி' என்ற பத்தியைக் 'கிலோ' என்று மாற்ற ஒரே ஒரு எண்ணால் பெருக்க முடியாது. எந்தத் தானியம் என்று சொல்லும் இன்னொரு பத்தி வேண்டும். அந்தப் பத்தி இல்லாத பழைய கணக்கை எத்தனை நவீன மென்பொருள் வந்தாலும் கிலோவாக்க முடியாது.

குற்றாலத்தின் மழைக்கும் இதே கதைதான். பழைய மழைப் பதிவுகள் அங்குலத்தில் இருக்கும், இப்போது மில்லிமீட்டர். 25.4-ஆல் பெருக்கினால் போதும். ஆனால் குற்றாலத்தில் சாரல் என்று ஒன்று இருக்கிறதே! ஆள் நனைவார், மழைமானியில் அளக்கிற அளவுக்குத் தண்ணீர் சேராது. 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையை வானிலைக்காரர்கள் எண்ணாக எழுதாமல், 'அளவிட முடியாத சிறு தூறல்' என்பதற்கு ஓர் எழுத்தைக் குறியாகப் போடுவது வழக்கம். எண்கள் நிறைந்த பத்தியில் அந்த ஓர் எழுத்து இருந்தாலே போதும், ஆர் முழுப் பத்தியையும் எழுத்து என்று படித்துவிடும். அதை எண்ணாக மாற்றச் சொன்னால், சாரல் பெய்த நாளெல்லாம் 'தகவல் இல்லை' என்று ஆகிவிடும். அளவி பழுதான நாளும் சாரல் பெய்த நாளும் ஒன்றாகிவிடும். ஆனால் இங்கே ஆர் ஓர் எச்சரிக்கையாவது கொடுக்கும். எச்சரிக்கை கொடுக்காத இடங்கள்தான் ஆபத்து.

எஸ் மொழியிலிருந்து ஆர் மொழி

1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவரது சகாக்களும் 'எஸ்' என்ற புள்ளியியல் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். 1992-இல் சேம்பர்ஸும் ட்ரெவர் ஹேஸ்டியும் தொகுத்த புத்தகத்தின் வழியாக அதில் 'டேட்டா ஃபிரேம்' பிரபலமானது. ஒவ்வொரு பத்தியும் தனக்கென்று ஒரு வகையோடு இருக்கும் அட்டவணை அது. சுருக்கமாகச் சொன்னால் கணக்குப் பேரேடு! பிறகு நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் இருவரும் எஸ்-ஐப் பின்பற்றி 'ஆர்' மொழியை எழுதினார்கள். 1995-இல் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. 2000 பிப்ரவரி 29-இல் 1.0.0 பதிப்பு.

இந்த மொழிக்கு ஒரு பழைய பழக்கம் இருந்தது. கோப்பிலிருந்து எழுத்துப் பத்தி எதைப் படித்தாலும் கேட்காமலேயே அதை ஃபேக்டராக மாற்றிவிடும். காரணம் இல்லாமல் இல்லை. புள்ளியியலாளர்களுக்கு எழுத்து என்றால் பெரும்பாலும் 'ஆண், பெண்' மாதிரி வகைப்பெயர்தான். நினைவகமும் மிச்சமாகும், ஏனென்றால் ஃபேக்டர் உள்ளே பெயரை வைத்துக்கொள்வதில்லை, 1, 2, 3 என்று வரிசை எண்ணைத்தான் வைத்துக்கொள்கிறது.

பிரச்சினை அங்கேதான். ஒரு பத்தியில் நயா பைசாக் கணக்கு இருக்கிறது: 6, 12, 25, 50. ஏதோ காரணத்தால் அது எழுத்தாகப் படிக்கப்பட்டு ஃபேக்டராகிவிட்டது. இப்போது அதை எண்ணாக மாற்றினால் என்ன வரும்? எழுத்து வரிசைப்படி 12 முதலில், பிறகு 25, 50, கடைசியில் 6. எனவே 6 என்பது 4 ஆகும், 12 என்பது 1, 25 என்பது 2, 50 என்பது 3. பிழைச்செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. மொத்தம் 93 வர வேண்டிய இடத்தில் 10 வந்து நிற்கும். முதலில் எழுத்தாக்கி, பிறகு எண்ணாக்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள் தப்பிப்பார்கள்.

இந்தப் பழக்கம் 2020 ஏப்ரல் 24-இல் வந்த 4.0.0 பதிப்பில்தான் முடிவுக்கு வந்தது. இப்போது கேட்டால் மட்டுமே ஃபேக்டர். ஆனால் அதற்கு முன் எழுதப்பட்ட நிரல்களும் பாடங்களும் இணையத்தில் அப்படியே இருக்கின்றன, பழைய நாணயம் புதிய நாணயத்தோடு கலந்து புழங்கியது போல.

பட்டியலில் இல்லாத தென்காசி

ஃபேக்டருக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் பட்டியலில் இல்லாத பெயரை அது ஏற்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள். தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தாலுகா. 2019 நவம்பர் 22-இல்தான் தென்காசி தனி மாவட்டமானது. 2011-இன் 32 பெயர்களை வைத்து உருவாக்கிய ஃபேக்டர் பத்தியில் ஒருவர் 'தென்காசி' என்று நிரப்பினால், ஆர் அதை 'தகவல் இல்லை' என்று மாற்றிவிடும். எச்சரிக்கை ஒன்று வரும்தான், ஆனால் நூறு வரி ஓடும் நிரலில் யார் கவனிக்கிறார்கள்? ஒரு மாவட்டத்தின் மக்கள் மொத்தமும் அட்டவணையிலிருந்து வெளியே போய்விடுவார்கள். பள்ளிக்கூடம், ரேஷன், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் இந்த மாதிரி அட்டவணைகளை வைத்துத் திட்டம் போடும் காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

பல பத்திகள், ஒரே கட்டளை

சரி, பல பத்திகளை ஒன்றாக மாற்ற வழியே இல்லையா? இருக்கிறது, சுலபமும்கூட. மாற்ற வேண்டிய பத்திகளின் பெயர்களை ஒரு பட்டியலாக எடுத்து, அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றின் மேலும் ஒரே செயலைப் பிரயோகித்து, கிடைத்ததை அதே பத்திகளில் திரும்பப் போட்டுவிடலாம். ஆர்-இன் 'எல்-அப்ளை' இதைத்தான் செய்கிறது. 2020-இல் வெளிவந்த 'டிப்ளைர்' 1.0.0 தொகுப்பில் 'அக்ராஸ்' என்ற வசதி இதையே படிக்க எளிதான வாக்கியமாக்கியது. கோப்பைத் திறக்கும்போதே 'இது எண், இது எழுத்து, இது தேதி' என்று ஒவ்வொரு பத்திக்கும் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

அதில் கவனிக்க வேண்டியது, பட்டியலைப் பிரிப்பது. பெருக்கினால் மாறக்கூடியவை ஒரு பட்டியல் (அங்குலம், வீசை). பக்கத்துப் பத்தியைக் கேட்டு மாற வேண்டியவை ஒரு பட்டியல் (படி, கொல்லம் ஆண்டு). மாற்றவே கூடாதவை ஒரு பட்டியல் (அஞ்சல் குறியீடு). எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் 'எண்ணாக்கு' என்று சொல்வது நேரத்தை மிச்சப்படுத்தும், கணக்கைக் கெடுக்கும். மாற்றிய பிறகு பழைய பத்தியையும் கொஞ்ச நாள் பக்கத்திலேயே வைத்திருந்து, இரண்டின் மொத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

1957-இல் அப்படித்தான் செய்தார்கள். பழைய நாணயத்தை ஒரே இரவில் செல்லாது என்று சொல்லவில்லை, சில வருஷம் இரண்டும் சேர்ந்தே புழங்கின. எந்த அணாவுக்கு எத்தனை பைசா என்பது பட்டியலாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கால் பைசா எங்கே போகிறது என்று கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் தெரிந்தே போனது.

மீதியில்லாமல் மாறிய நாலணாவும் எட்டணாவும் பேச்சில் பல பத்து வருஷம் தங்கின. 2011 ஜூன் 30-உடன் 25 பைசா நாணயம் செல்லாததாகும்வரை அதன் பெயர் பலருக்கு நாலணாதான். மூன்றணாவை அப்படி யாரும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, ஏனென்றால் 19 பைசாவுக்கு நாணயமும் இல்லை, கணக்கும் சரிவரவில்லை. முழுசாக மாறியது மட்டுமே பழைய பெயரோடு பிழைத்தது.